மூன்று தராசுகள்

அரக்கோணத்துக்காரர்களுக்குக் காத்திருத்தல் பழகிப்போன ஒன்று. 1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடிய தடத்தில் அமைந்த ஊர் இது. சென்னை, காட்பாடி, இரேணிகுண்டா, செங்கற்பட்டு என நான்கு பக்கமும் பாதை பிரிகிறது. எந்த வேளையிலும் எவரேனும் எந்த வண்டிக்கேனும் காத்துக்கொண்டே இருப்பர். காத்திருப்போர் கூடுமிடம் தேநீர்க் கடை. அங்கே சினிமாவைப் பற்றிய பேச்சு எழாத நாளில்லை.

அண்மையில் ஒரு மாலை, ஆம்பூர் செல்லும் வண்டியை எதிர்நோக்கி அத்தகைய கடையொன்றில் அமர்ந்திருந்தேன். சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சிப் பெட்டியில் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ ஓடிக்கொண்டிருந்தது. நம்பியார் சாட்டையை ஓங்கிய கட்டம். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், எனக்கு நெடுநாள் அறிமுகமானவர், என் பக்கம் திரும்பினார்.

“பாய், இந்த மனுஷர் நிஜத்தில் எவ்வளவு பெரிய பக்திமான் தெரியுமா? திரையில் பார்ப்பதை வைத்து யாரையும் எடை போடக் கூடாது” என்றார்.

சிறிது நேரத்தில் சாட்டை எம்.ஜி.ஆர். கைக்கு மாறிற்று. பெரியவர் முகம் மலர்ந்தது. “ஆனால் தலைவர் அப்படியில்லை. திரையிலும் ஒன்றுதான், வெளியிலும் ஒன்றுதான்” என்றார்.

படம் முடிந்தது. கடைப் பையன் வேறொரு அலைவரிசைக்கு மாற்றினான். சில்க் ஸ்மிதாவின் பாடற்காட்சி ஒன்று வந்தது. பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அந்தப் பொம்பளை எப்படிப்பட்டவள் என்றுதான் ஊருக்கே தெரியுமே!” என்றார். ஆயினும் பெட்டியை அணைக்கச் சொல்லவில்லை.

பெரியவரைப் பழிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. நம்முள் பெரும்பாலோர் அவரைப் போன்றவர்களே. ஒரே கடையில், ஒரு மணி நேரத்திற்குள், நல்ல மனிதர் ஒருவர் மூன்று தராசுகளைக் கையில் எடுத்தார். வில்லனுக்கு, வேடம் வேறு மனிதன் வேறு. கதாநாயகனுக்கு, வேடமே மனிதன். கவர்ச்சி நடிகைக்கோ வேடத்திற்கு அப்பால் மனிதப் பிறவியே இல்லை. நடிகரின் திரை முகத்திற்கும் சொந்த முகத்திற்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அந்தத் தூரத்தை யாருக்கு வழங்குகிறோம், யாருக்கு மறுக்கிறோம் என்பதைத்தான் நாம் கேட்டுப் பார்ப்பதில்லை.

வில்லனுக்குக் கிடைத்த சலுகை

மஞ்சேரி நாராயணன் நம்பியார் 1919-இல் பிறந்தவர். இளமையிலேயே நவாப் இராஜமாணிக்கத்தின் நாடகக் குழுவில் சேர்ந்து, 1935-இல் வெளிவந்த ‘பக்த இராமதாஸ்’ வழியாகத் திரைக்கு வந்தார். அந்த இராஜமாணிக்கம் பிள்ளையே நம் பொருளுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. இராமதாஸ் நாடகத்தில் நவாபு வேடம் புனைந்து புகழ் பெற்றதால், வாழ்நாள் முழுவதும் ‘நவாப்’ என்னும் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. ஒரு முஸ்லிம் மன்னனின் வேடம் ஒரு பிள்ளைவாளின் முகவரியாயிற்று. அதனால் அவருக்கு இழுக்கு வந்ததா? இல்லை, பெருமையே வந்தது. வேடத்தின் பெயர் ஒட்டிக்கொள்வது எல்லாருக்கும் இப்படிப் பெருமையாக முடிவதில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

நம்பியார் தொடக்கத்திலேயே வில்லனாக முத்திரை குத்தப்பட்டவரல்லர். ‘திகம்பர சாமியார்’ (1950) படத்தில் பல மாறுவேடங்களில் தோன்றிய நாயகன் அவரே. அதே ஆண்டு வந்த ‘மந்திரி குமாரி’யில் சூழ்ச்சிக்கார இராஜகுருவானார். பிறகு தீமையே அவரது தொழிலாயிற்று. கைகளைப் பிசைந்துகொண்டே கண்ணை இடுக்கி நோக்கும் அந்தப் பார்வையைத் தமிழ்நாட்டுச் சிறுவர்கள் பள்ளி முற்றத்தில் நடித்துக் காட்டினர்.

வீட்டில் அவர் புலால் உண்ணாதவர், மது தொடாதவர், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சபரிமலை யாத்திரை சென்றவர், அடியார் பலருக்குக் குருசாமி. 2008 நவம்பர் 19-ஆம் நாள் அவர் மறைந்தபோது ஏடுகள் அனைத்தும் எழுதிய செய்தி ஒன்றே: திரையில் தீயவர், வாழ்வில் தூயவர்.

இந்தப் பாராட்டு நியாயமானதே. ஆயினும் அதற்குள் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. நம்பியார் தவம் கிடந்த பக்தராக இல்லாமல், நம்மைப் போல் குறையும் நிறையும் கலந்த ஒருவராக இருந்திருந்தால், இதே தாராளத்தோடு வேடம் வேறு, ஆள் வேறு என்று சொல்லியிருப்போமா? ஒரு படிமத்தைக் கழற்றி வைக்க நமக்கு இன்னொரு படிமம் தேவைப்படுகிறது. கொடியவன் இல்லையென்றால் அவன் முனிவனாக இருந்தாக வேண்டும். இடையில் உள்ள சாதாரண மனிதனுக்கு நம் கற்பனையில் இருக்கை இல்லை. நடிகரின் ‘உண்மை முகம்’ என்று நாம் நம்புவதுகூடப் பேட்டிகளும் இரங்கற் கட்டுரைகளும் வரைந்து தந்த சித்திரமே. அது பொய்யென்று கூறவில்லை. முழுமை அன்று என்றே கூறுகிறேன்.

கலை நோக்கில் இந்த இடைவெளி எத்துணை வளமானது என்பதைக் காட்டியவர் பாக்யராஜ். ‘தூறல் நின்னு போச்சு’ (1982) படத்தில் காதலர்க்கு உதவும் பயில்வான் ஆசானாக நம்பியாரை நிறுத்தினார். அரங்கம் சிரித்து மகிழ்ந்தது. ஏன்? முப்பது ஆண்டுக் கொடுமைகளை நெஞ்சில் சுமந்துகொண்டு ரசிகர்கள் கொட்டகைக்குள் வந்திருந்தனர். அந்தச் சுமையே நகைச்சுவைக்கு முதலாயிற்று. வேடம் வேறு என்பதை ரசிகன் உணரும்போது நடிகனுக்குப் புதிய வாசல் திறக்கிறது.

கதாநாயகனின் கூண்டு

எம்.ஜி.ஆரின் கதை இதற்கு நேர்மாறு. அவர் ஏற்ற படங்களின் பெயர்களையே பாருங்கள்: ‘படகோட்டி’, ‘தொழிலாளி’, ‘விவசாயி’, ‘மாட்டுக்கார வேலன்’, ‘ரிக்‌ஷாக்காரன்’. உழைப்பவன் ஒவ்வொருவனும் தன் தொழிலைத் திரையில் கண்டான். அந்தத் தொழிலைச் செய்பவன் அழகனாகவும் வீரனாகவும் வெல்பவனாகவும் இருக்கக் கண்டான். புகைப்பதையும் குடிப்பதையும் திரையில் தவிர்ப்பதை அவர் ஒரு விரதம் போல் காத்தார். அவரது நூறாவது படமாகிய ‘ஒளிவிளக்கு’ (1968) இவ்வகையில் ஆராயத்தக்கது. அதில் நாயகன் ஒரு கட்டத்தில் குடிக்கிறான். உடனே அவனுடைய மனச்சாட்சி அவன் உருவத்திலேயே பலவாகப் பிரிந்து நின்று அவனை இடித்துரைக்கிறது. குடிப்பவர் ஓர் எம்.ஜி.ஆர்.; கண்டிப்பவர்கள் பல எம்.ஜி.ஆர்கள்! பாத்திரம் தவறலாம், படிமம் தவறக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

திரைக்கும் வாழ்வுக்கும் இடையே இருந்த சுவரை 1967 ஜனவரி 12-ஆம் நாள் ஒரு துப்பாக்கிக் குண்டு துளைத்தது. எம்.ஜி.ஆரைச் சுட்டவர் எம்.ஆர்.இராதா. ‘பெற்றால்தான் பிள்ளையா’ (1966) படத்தில் இருவரும் சேர்ந்து நடித்து ஓராண்டும் ஆகியிருக்கவில்லை. திரையில் தீயவர் பலரை வென்ற நாயகன், மருத்துவமனையில் கழுத்துக் கட்டோடு கிடந்த படம் தேர்தல் சுவரொட்டியாயிற்று. பரங்கிமலைத் தொகுதியில் படுக்கையிலிருந்தபடியே அவர் வென்றார். குரல் மாறிப்போயிற்று, மாறிய குரலிலேயே பின்னர் பேசி நடித்தார். மக்கள் அந்தக் குரலையும் ஏற்றனர். உடலின் உண்மைக் காயம் வேடத்தின் ஓர் அணியாகிவிட்டது. இராதா சிறை சென்றார். நாடகமும் படமுமாகிய ‘இரத்தக்கண்ணீர்’ வழியே தமிழர் நெஞ்சில் பதிந்த அந்தப் பெருங்கலைஞரை அதன் பின் வில்லன் என்று அழைத்தோர் நடிப்பைக் குறித்துத்தான் அழைத்தனரா, வழக்கைக் குறித்து அழைத்தனரா என்பதைப் பிரித்தறிய முடியாமற் போயிற்று.

1977 முதல் 1987-இல் மறையும் வரை, இடையில் சில மாதங்கள் நீங்கலாக, எம்.ஜி.ஆர். முதலமைச்சர். அவருடைய ஈகையைப் பொய்யென்று எவரும் சொல்ல முடியாது. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் இலட்சக்கணக்கான ஏழைக் குழந்தைகளின் வயிற்றை நனைத்தது. ஆனால் திரையில் மதுவைத் தொடாத நாயகனின் ஆட்சியில்தான் 1981-இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. மதுவின் மொத்த விற்பனைக்காக ‘டாஸ்மாக்’ என்னும் அரசு நிறுவனம் 1983-இல் பிறந்தது. ஆய்வாளர் எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், ஏழையின் தோழன் என்ற படிமத்துக்கும் ஏழையின் மீது விழுந்த வரிச்சுமைக்கும் இருந்த தொலைவை விரிவாக எடுத்துரைத்தது. அந்த நூலின் முடிவுகள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. அது எழுப்பிய வினாவை மட்டும் ஒதுக்கிவிட முடியாது: ஆட்சியை ஆட்சியாக எடை போட நாம் ஏன் தயங்கினோம்?

விடை, பெரியவர் சொன்ன சொல்லிலேயே இருக்கிறது: “திரையிலும் ஒன்றுதான், வெளியிலும் ஒன்றுதான்.” இதைப் புகழ்ச்சி என்று எண்ணுகிறோம். உண்மையில் இஃது ஒரு கூண்டு. அதில் நடிகரும் அடைபடுகிறார். அவரைவிட ஆழமாக நாம் அடைபடுகிறோம். நாயகனாக நடித்தவன் தவறே செய்யமாட்டான் என்று முடிவு கட்டியபின், கேள்வி கேட்பவன் வில்லனாகத்தானே தோன்றுவான்? அதன் பிறகும் எத்தனையோ நடிகர்கள் அதே ஏணியில் ஏற முயன்றனர். ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கைகள் நம்முடையவை.

பெயரை இழந்த பெண்

இனி மூன்றாம் தராசு. எழுதவே கை தயங்கும் பகுதி இது.

விஜயலட்சுமி என்னும் ஆந்திரத்து ஏழைப் பெண் 1980-இல் வெளிவந்த ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் மதுக்கடைப் பெண்ணாகச் சிறு வேடம் ஏற்றார். அந்தப் பாத்திரத்தின் பெயர் ‘சில்க்’. அன்று முதல் அப்பெயரே அவர் பெயராயிற்று. நவாபு வேடம் ஓர் ஆடவருக்குப் பட்டமாக அமைந்ததையும், மதுக்கடைப் பெண்ணின் பெயர் இந்தப் பெண்ணுக்குச் சூடாக விழுந்ததையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நம் வட்டாரத்தார்க்குத் தோல் பதனிடுதல் தெரியும். ஒருமுறை பதப்பட்ட தோல் மீண்டும் பச்சைத் தோலாவதில்லை. அப்படித்தான் அவர் மீது அந்தப் பெயரை ஏற்றிப் பதப்படுத்தினோம்.

அவருக்கு நடிக்கத் தெரியாது என்று சொல்ல இடமில்லை. பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) படத்தில் அவர் குடும்பப் பெண்ணாக, ஓர் அண்ணியாக வருகிறார். ஆட்டமும் பாட்டமும் இன்றி, கண்களாலேயே பேச வல்லவர் என்பதை அந்தப் படம் காட்டிற்று. ஆனால் அந்த வாசலை நாம் திறந்துவிடவில்லை. நம்பியாருக்குத் திறந்த வாசல் அது! படம் விற்க வேண்டுமானால் அவரது பாடல் ஒன்று வேண்டும் என்றனர் வணிகர். கொட்டகையை நிறைத்தனர் ஆடவர். நிறைத்தவர்களே வெளியே வந்து அவர் நடத்தையைத் தூற்றினர். நுழைவுச்சீட்டு வாங்கிய கையும் கல்லெறிந்த கையும் ஒன்றே.

1996 செப்டம்பர் 23-ஆம் நாள் சென்னையில் தம் இல்லத்தில் அவர் இறந்து கிடந்தார். வயது 35. அவருடைய துயரங்கள் இன்னவை என்று தோண்டி எடுத்து எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றை அறிய நமக்கு உரிமையும் இல்லை. நாம் அறிந்தது வேறொன்று. அவர் வாழ்வைத் தழுவியது என்று விளம்பரம் பெற்ற இந்திப் படம் 2011-இல், அவருடைய பிறந்தநாளாகிய டிசம்பர் 2 அன்று வெளிவந்தது. அதில் நடித்த வித்யா பாலனுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. நடிப்புக்கு உரிய மரியாதைதான்; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சிந்தியுங்கள்: அந்த ஆடையை அணிந்து அந்த ஆட்டத்தை ஆடிய வித்யா பாலனை, இது வேடம் என்று நாடு புரிந்துகொண்டது. அதே ஆடையை வயிற்றுப்பாட்டுக்காக முதலில் அணிந்தவளுக்கு அந்தப் புரிதலில் ஒரு துளிகூடக் கிடைக்கவில்லை. கல்வியும் குடும்பப் பின்னணியும் உள்ள ஒருத்திக்கு வேடம் வேடமாகிறது. ஏழைக்கு வேடமே விதியாகிறது.

இடைவெளி ஓர் உரிமை

இந்த இடைவெளி நடிகருக்குப் பாதுகாப்பு என்பதைத் தம் அனுபவத்தால் உரைத்தவர் திலீப்குமார். பெஷாவரில் பிறந்த யூசுஃப்கான், 1944-இல் முதற்படத்தோடு திலீப்குமார் ஆனார். அடுத்தடுத்துத் துன்பியல் பாத்திரங்களையே ஏற்றதில் அந்தத் துயரம் அவரது சொந்த மனத்திலும் குடியேறியது. மனநல மருத்துவரை நாடியபோது, இலகுவான வேடங்களை ஏற்குமாறு அறிவுரை கிடைத்தது. அதன்படி அவர் ஏற்ற படம் ‘ஆசாத்’ (1955). அவர் பெயரில் 2014-இல் வெளிவந்த தன்வரலாற்றின் தலைப்பே ‘பொருளும் நிழலும்’ என்று பொருள்படும். நிழல் பொருளை விழுங்கிவிடும் அபாயத்தை அறிந்தவர் வைத்த தலைப்பு அது.

அந்த ‘ஆசாத்’ நம் மண்ணில் விளைந்தது. கோவை பட்சிராஜா நிறுவனத்தின் ஸ்ரீராமுலு நாயுடு, எம்.ஜி.ஆரை வைத்து 1954-இல் எடுத்த ‘மலைக்கள்ளன்’ படத்தின் இந்தி வடிவம் அது. நாமக்கல் கவிஞரின் நாவலிலிருந்து பிறந்த அக்கதையில், நாயகன் அப்துல் றஹீம் என்னும் முஸ்லிம் பெரியவராகவும் மாறுவேடத்தில் உலவுகிறான். எண்ணிப் பாருங்கள்: யூசுஃப்கான் என்னும் முஸ்லிம், திலீப்குமார் என்னும் பெயரைப் பூண்டு, ஓர் இந்து நாயகனாகத் தோன்றி, அந்த நாயகன் ஒரு முஸ்லிமாக வேடம் கட்டுகிறான்! இதில் எது முகம், எது முகமூடி? இரசிகன் குழம்பவில்லை, கைதட்டினான். ஒரு மனிதனுக்குள் இத்தனை மனிதர் குடியிருக்கலாம் என்பதை ஏற்கும் ஆற்றல் பாமரனுக்கும் உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

நம் காலத்திலும் ஒரு சான்று உண்டு. மணிரத்னத்தின் ‘பம்பாய்’ (1995) படத்தில் இரண்டு தந்தையர் வருகின்றனர். இந்துத் தந்தை நாராயண பிள்ளையாக நடித்தவர் செங்கற்பட்டைச் சேர்ந்த நாசர். முஸ்லிம் தந்தை பஷீராக நடித்தவர் கிட்டி. இருவரின் சொந்தச் சமயங்களும் பாத்திரங்களின் சமயங்களும் மாறி நிற்கின்றன. அப்படத்தின் பிற பகுதிகளைப் பற்றி நமக்கு வேறு கருத்துகள் இருக்கலாம். இந்த ஒரு தேர்வில் கலைக்குரிய கண்ணியம் இருக்கிறது. ஒருவனுடைய தொப்பியோ திருநீறோ அவனுடைய முழு உண்மை அன்று என்பதை அது ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறது. நடிகர் படப்பிடிப்பு முடிந்ததும் ஒப்பனையைக் கலைத்துவிடலாம். திரையில் கண்ட உருவத்தை இரயில் பெட்டியில் எதிரே அமர்ந்திருக்கும் பயணியின் மீது ஏற்றிப் பார்ப்போமானால், அந்தப் பயணி எதைக் கலைப்பான்?

ஆகவே வேண்டுவது ஒரே தராசு. நடிகரை நடிப்பால் அளப்போம். ஆட்சிக்கு வந்தவரை ஆட்சியால் அளப்போம். அவர்களுடைய தனிவாழ்வு பிறர்க்குத் தீங்காகாத வரையில், அங்கே அளப்பதற்கே நமக்கு வேலை இல்லை. நம்பியாருக்கு நாம் வழங்கியது சலுகையாக இருந்தது. அதை எல்லார்க்கும் உரிய உரிமையாக்குவோம்.

வண்டி வரும் அறிவிப்புக் கேட்டது. எழுந்தபடியே பெரியவரிடம் கேட்டேன்: “ஐயா, நம்பியாரைத் திரையை வைத்து எடை போடக் கூடாது என்றீர்களே, அந்தப் பெண்ணை மட்டும் எதை வைத்து எடை போட்டீர்கள்?”

அவர் சற்று நேரம் பேசவில்லை. ஆறிப்போன தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நான் பார்த்ததெல்லாம் படத்தில்தான் பாய். வேறு எங்கே பார்த்தேன்?” என்றார்.

அந்த விடையை நாம் ஒவ்வொருவரும் நமக்கே சொல்லிக்கொள்ளத் தொடங்கினால் போதும்.